மேல்காற்று

நிலையம் ஏழு.
தந்தியில் அதற்கு அவ்வளவுதான் பெயர்.
மார்ஷல் தீவுகளின் கடல்வரைபடத்தில்
ஈ உட்கார்ந்து எழுந்த தடம்.
பதினொரு சிப்பாய்கள், இரண்டு ஜெனரேட்டர்,
நாற்பது உருளை ஹைட்ரஜன்,
வாரத்துக்கு ஆளுக்கு ஆறு பீர்.
தென்கரையில் இருபது குடும்பங்கள்.
அவர்கள் தீவை வேறு பெயரில் அழைத்தார்கள்.
அது தந்திக்குத் தேவைப்படவில்லை.

மூன்று மணிக்கொரு பலூன்.
குளித்த குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்து
விட்டுவிடுவான் கார்ப்பரல் வெண்டல்.
பிறகு தியோடலைட்டில் ஒற்றைக் கண்.
நிமிடத்துக்கொரு கோணம் சொல்வான்,
டுவெய்ன் எழுதிக்கொள்வான்.

ஆறு தீவுகள், மூன்று கப்பல்கள்,
இருட்டில் கிளம்பும் இரண்டு விமானங்கள்.
எல்லோருடைய காற்றும்
தலைமைக் கப்பலின் ஒரே தாளில்
வந்து சேர்ந்தாக வேண்டும்.
ஒருவர் தாமதித்தாலும் இயந்திரம் படபடக்கும்:
ஏழு, ஏழு, உன் காற்று எங்கே?
என் காற்றாம், என்று சிரிப்பான் வெண்டல்,
என்னவோ அப்பன் எழுதிவைத்த சொத்து மாதிரி.

வெடித்து விழும் பலூன்களை
லிபோஜென் விடமாட்டாள்.
குட்டிப் பாராசூட் மகனுக்குச் சட்டையாயிற்று.
ரப்பர் கிழிசல், படகின் விரிசலுக்குக் கட்டு.
கருவிப்பெட்டியோடு ஒருநாள் முகாமுக்கே வந்தாள்.
இதை எதற்கு மேலே அனுப்புகிறீர்கள்?
காற்று எங்கிருந்து வருகிறதென்று பார்க்க.
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
எங்கே போகிறதென்று பார்ப்பதில்லையா?

என் மொழியிலும் அதே பழக்கம்தான்.
வடக்கிலிருந்து வந்தால் வாடை,
தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல்.
போய்ச்சேரும் ஊரின் பெயரை
எந்தக் காற்றுக்கும் நாங்கள் வைத்ததில்லை.

அந்த நள்ளிரவு
பலூனின் வாலில் ஒரு சின்ன விளக்கு.
ஐயாயிரம் அடிவரை கொண்டல், வழக்கம்போல்.
பதினைந்தாயிரத்தில் விளக்கு தயங்கியது.
இருபதாயிரத்தில்
நட்சத்திரங்களுக்கு நடுவே
கிழக்குப் பார்த்து நடக்கத் தொடங்கியது.
வெண்டல் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

உயரத்தில் வீசுவதும் மேல்காற்று.
மேற்கிலிருந்து வருவதும் மேல்காற்று.
அன்று இரண்டும் ஒன்றே.

மேற்கே நூற்றிருபது மைலில்
கோபுரத்தின்மேல் அது காத்திருந்தது.
கிழக்கே நாம், என்று டுவெய்ன் சொல்லவில்லை.
எண்களை மட்டும் தட்டினான்:
இருநூற்று எழுபது பாகை, முப்பது நாட்.
பதில் வந்தது: கிடைத்தது, நன்றி.
அந்தத் தாளின்மேல் யாராவது
காப்பிக் கோப்பையை வைத்திருக்கலாம்.
சாதகத்துக்கும் பாதகத்துக்கும் நடுவே
ஒரு சொல்லைக் கண்டுபிடித்திருக்கலாம்.
கப்பலில் இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல.
நான்கு நாளாகத் தூங்காதவர்கள்.

விடியுமுன் மேற்கே ஒரு சூரியன்.
லிபோஜெனின் சேவல் கூவத் தொடங்கிப்
பாதியில் நிறுத்திக்கொண்டது.
பத்து நிமிடம் கழித்துத்தான் சத்தம்.
பகல் பதினொன்றுக்கு
மாவு சலித்ததுபோல் இறங்கிற்று,
ஈரப்பலா இலைகளில், தண்ணீர்த் தொட்டியில்,
பாராசூட் சட்டைபோட்ட பையனின் தலையில்.

மழைமானியின் அடியில் வெள்ளைப் படிவு.
அறிக்கைக்கு ஒரு குறியீடு வேண்டுமே.
வெண்டல் புத்தகத்தைப் புரட்டினான்.
தூறல், மழை, ஆலங்கட்டி, புழுதி.
கடைசியில், தென்னைகளுக்குக் கீழே உட்கார்ந்து,
பனி, என்று அடித்தான்.
உடனே வந்தது: ஏழு, தவறைத் திருத்து.
திருத்தினான்.
மழை இல்லை. வெப்பம் முப்பது.

மறுநாள் கடல்விமானம் வந்தது.
பதினொரு இருக்கை, பதினொரு பெயர்.
தென்கரைக்கு வேறு கப்பல் வரும் என்றார்கள்.
அவசரத்தில் ஜெனரேட்டரை
யாரும் அணைக்கவில்லை.

வெளிச்சம் எரிகிறதே என்று
சாயங்காலம் லிபோஜென் வந்து எட்டிப் பார்த்தாள்.
ஆளில்லாத அறையில் இயந்திரம்
தானாகத் தட்டிக்கொண்டிருந்தது.
மற்ற நிலையங்களுக்கு அனுப்பும் பட்டியலில்
ஏழை அடிக்க மறந்திருப்பார்கள்.
ஏழு, ஏழு, உன் காற்று எங்கே?
அவளுக்கு அந்த எழுத்து தெரியாது.
அரிக்கும் முழங்கையைச் சொறிந்தபடி
காகிதம் தரையைத் தொடும்வரை
பார்த்துக்கொண்டு நின்றாள்.